கமிஷன் பார்க்க வந்த வழி

சட்டக் கல்லூரியில் படிக்கிறவர்கள் விடுமுறையில் எங்காவது ஒரு வக்கீல் ஆபீசில் போய் வேலை பழகிவிட்டு வரவேண்டும். என்னோடு படித்தவர்கள் எர்ணாகுளம், பெங்களூர் என்று போய், கண்ணாடிக் கட்டடங்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது நெய்யாற்றின்கரையில், கீழே மருந்துக்கடையும் மேலே வக்கீல் ஆபீசுமாக இருந்த ஒரு கட்டடம். குன்னத்துகாலில் என் வீட்டுப் பக்கத்திலிருந்து நேர் பஸ் உண்டு. அந்த ஆபீசைப் பற்றி நல்லதாகச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

ஆபீஸ் என்றால் ஒரு பெரிய வக்கீல், அவருக்குக் கீழே எப்போதும் கோர்ட்டிலேயே கிடந்த இரண்டு ஜூனியர்கள், எல்லாவற்றையும் உண்மையில் நடத்திக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா. பெரிய வக்கீல் என்னை முதல் நாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தமிழ் தெரியுமா என்று மலையாளத்தில் கேட்டார். தெரியும், வீட்டில் தமிழ்தான் என்றேன். அதோடு என் வேலை முடிவாகிவிட்டது. பாறசாலை, பனச்சமூடு பக்கத்திலிருந்து வருகிற கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் மலையாளம் நன்றாகவே தெரியும். ஆனால் கோபமோ அழுகையோ வந்தால் நேரே தமிழுக்கு வந்துவிடுவார்கள். அப்போது சார் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிடுவார். அழுகிறவர்களைக் கவனிப்பதும், மற்ற நேரத்தில் கீழே போய் ஜெராக்ஸ் எடுத்து வருவதும்தான் நான் அங்கே பழகிய சட்டம்.

அந்த ஆபீஸ் மேல் எனக்கிருந்த எரிச்சலுக்கு அது காரணமில்லை. ஜெராக்ஸ் எடுக்க நான் தயாராகத்தான் போனேன். எனக்குப் பொறுக்காதது வேறு. அந்த ஆபீசில் கட்சிக்காரரிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் வரவேண்டும், அவ்வளவுதான். எதற்கு வரவேண்டும், அங்கே என்ன நடக்கும், அதில் தனக்கு என்ன நல்லது கெட்டது என்று கேட்டால் குமாஸ்தா ஒரு சிரிப்பு சிரிப்பார். சாரிடமே ஒருநாள் கேட்டுவிட்டேன். சொன்னால் குழம்புவார்கள், குழம்பினால் ஏதாவது செய்துவைப்பார்கள், சொல்லாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு என்றார். ஏதோ பெரிய தத்துவம் சொன்ன மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்தத் தத்துவத்தின் லட்சணத்தை அடுத்த வாரமே பார்த்தேன்.

பனச்சமூட்டிலிருந்து உள்ளே போகிற ஓர் ஊரில் இருந்து ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் அயனி மரத்தில் கொப்பு வெட்டப் போய், விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் வீல்சேரில் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கொண்டுபோக வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து பஞ்சாயத்து ரோட்டுக்குப் போக ஒரே ஒரு நடைவழி. அது பக்கத்து விளையின், அதாவது தோட்டத்தின், ஓரமாகப் போகிறது. அந்த விளை அக்காவின் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகனுக்குச் சொந்தம். அப்பாக்கள் காலத்திலிருந்து இரண்டு வீட்டாரும் அந்த வழியில்தான் நடந்தார்கள். இப்போது பெரியப்பா மகன் தன் மகனுக்கு அந்த இடத்தில் வீடு வைக்கப் போகிறார். அதனால் மதில் கட்டப்போவதாகவும், வழி என்று ஒன்று அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றும் சொல்லத் தொடங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் ஒரே சர்ச்சில்தான் உட்காரும். முன்பின் பெஞ்சில்தான் உட்காரும். ஆனால் பேச்சு இல்லை.

வழி போனால் அந்த மனிதரை வெளியே எடுப்பது எப்படி? பின்பக்கம் ரப்பர் விளைச் சரிவு. மழைக்காலத்தில் கையை வீசிக்கொண்டு நடக்கிறவனே அங்கே வழுக்கி விழுவான். வீல்சேர் பேச்சே இல்லை. அக்கா இதையெல்லாம் மலையாளத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்து, என்னைப் பார்த்துத்தான் சொல்லி முடித்தார்.

வழக்கு போட்டாயிற்று. வழி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுத கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்தது. கமிஷனர் என்றால் பெரிய அதிகாரி என்று நினைக்க வேண்டாம். அவரும் ஒரு இளம் வக்கீல்தான். கோர்ட்டுக்குக் கண்ணாக அந்த இடத்துக்குப் போய், என்ன இருக்கிறதோ அதை அளந்து எழுதிக் கொடுப்பார். கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து வாய்க்கால் மாதிரி பள்ளமாகக் கிடந்த அந்த வழியை யார் பார்த்தாலும், அது நேற்று வந்ததில்லை என்று தெரியும். சார் கவலையே படவில்லை. வழியே சாட்சி சொல்லும் என்றார். குமாஸ்தா அக்காவுக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை கமிஷன் வருகிறது, வீட்டில் ஆள் இருக்கணும் என்று சொல்லி வைத்துவிட்டார். வேறொரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் கமிஷன் வருகிறது என்றால் அது ஒரு விசேஷம். கோர்ட்டிலிருந்து ஆள் வருகிறது, கூட இரண்டு பக்கத்து வக்கீல், குமாஸ்தா, அளக்கிற ஆள், ஊரில் வேலையில்லாதவர்கள் அத்தனை பேரும் வருவார்கள். வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? மரச்சீனிக் கிழங்கு அவியும், மீன் கறி கொதிக்கும், வாழைக்குலை இறங்கும். வழக்கில் எதிரெதிராக நிற்கிற இரண்டு வீட்டிலும் இதே கூத்துதான். கமிஷனர் ஒரு வீட்டில் சாப்பிட்டால் மற்ற வீட்டிலும் சாப்பிட்டே தீரவேண்டும். இல்லையென்றால் பட்சபாதம் என்று புகார் வரும்.

சாரோடு நானும் போயிருந்தேன். காரிலிருந்து இறங்கி அந்த வழியைப் பார்த்தேன்.

வழி ஜொலித்தது. ஒரு புல் இல்லை. இரண்டு ஓரமும் மண்வெட்டியால் நூல் பிடித்த மாதிரி செதுக்கி, நடுவில் பள்ளமாகத் தேய்ந்து கிடந்த இடத்தில் எல்லாம் புதுச் செம்மண் போட்டு நிரப்பி, தண்ணீர் தெளித்துச் சமமாக்கி, கல்யாண வீட்டு வாசல் மாதிரி வைத்திருந்தார் அக்கா. வேரோடு நின்ற பழைய செடிகளைக்கூடப் பிடுங்கி எறிந்திருந்தார். இரண்டு நாள் வேலை. மண்ணைத் தானே தலையில் சுமந்து கொண்டுவந்திருக்கிறார். கை முழுக்கக் கொப்புளம்.

எதிர்ப்பக்கத்து வக்கீலுக்கு வாயெல்லாம் பல். புத்தம்புது மண், புதிதாக வெட்டிய வழி, கமிஷனர் தயவுசெய்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளியே காட்டினார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நான் அக்காவைத் தனியே இழுத்துக்கொண்டு போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்திருக்கும்.

அக்காவுக்கு என் கோபமே புரியவில்லை. "ஆளுவ வரும்போ வழி அலங்கோலமா கெடந்தா நமக்கில்லியா மக்கா கொறச்சல்? கோர்ட்டுலேந்து வாற ஆளு, கால் வழுக்கி விழுந்தா?" என்றார். கூடவே மரச்சீனி ஆறிவிடும், சாரைக் கூப்பிடு என்றும் சொன்னார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. யார் மேல் கோபப்படுவது? வியாழக்கிழமை என்று மட்டும் சொல்லிப் போனை வைத்த குமாஸ்தா மேலா, சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற சார் மேலா, விருந்தாளி வருகிறார் என்று தன் சாட்சியைத் தானே மண் போட்டு மூடிய இந்த அக்கா மேலா? வழியே சாட்சி சொல்லும் என்றார்களே, அந்தச் சாட்சியின் வாயில் மண்ணள்ளிப் போட்டாயிற்று. கமிஷனர் ஒரு வீட்டில் மரச்சீனியும் மறு வீட்டில் அப்பமும் சாப்பிட்டுவிட்டு, அண்மையில் மண் இட்டு உருவாக்கியதாகத் தோன்றுகிறது என்று எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்தது அதைத்தான்.

மதில் கட்டக் கூடாதென்று கேட்டிருந்த தற்காலிகத் தடை கிடைக்கவில்லை. மறுநாளே பெரியப்பா மகன் ரோட்டுப் பக்கம் வழி தொடங்குகிற இடத்தில் ஒரு கட்டு முள்ளை வைத்து அடைத்தார். மதில் மழை விட்டதும் வருமாம். அக்கா ஆபீசுக்கு வந்து அழுதார். நான் கூப்பிடப்பட்டேன். வீட்டுக்காரரை இப்போது ரப்பர் சரிவு வழியாக நாற்காலியில் வைத்துக் கட்டி, நாலு பேர் சேர்ந்து இறக்குகிறார்களாம். ஒருமுறை நாற்காலியோடு சரிந்திருக்கிறார். கால் உரசி முழங்கால் வரை தோல் போயிருக்கிறது. அவருக்கு வலி தெரியாததால் வீட்டுக்கு வந்து துணி மாற்றும்போதுதான் பார்த்தார்களாம். அதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. அதற்குப் பிறகு, மண் போட்டது தப்பாகிப்போச்சே என்று சொல்லித்தான் அழுதார்.

கமிஷன் அறிக்கைக்கு ஆட்சேபம் போடலாம் என்று நான் படித்திருந்தேன். சாரும் அதைத்தான் நினைத்திருந்தார், எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தாரின் பிரமாணப் பத்திரங்களோடு ஆட்சேபம் போனது. கோர்ட், அதே கமிஷனர் மறுபடி போய்ப் பார்க்கட்டும் என்றது. இந்தத் தடவை நான் விடவில்லை. கட்சிக்காரருக்கு ஒழுங்காகச் சொல்லுங்கள் என்று சாரைப் படாத பாடு படுத்தினேன். தொல்லை தாங்காமல் அக்காவை ஆபீசுக்கு வரவழைத்து அவரே சொன்னார். அங்கே இனி ஒன்றையும் தொடக் கூடாது, ஒரு புல்லைக்கூட அசைக்கக் கூடாது, இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கவேண்டும் என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார். அக்கா பக்தியோடு கேட்டுக்கொண்டார். நானும் பெரிய சாதனை செய்த மாதிரி பக்கத்தில் நின்றேன்.

ஜூன் மாத இடவப்பாதி மழை கொட்டித் தீர்த்தது. கமிஷனர் வர ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கல்லூரி திறந்திருந்தது, அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு நானும் போனேன்.

இரண்டாம் தடவை போய் இறங்கியபோது வழியைக் காணோம். முள்கட்டுக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புல். தொட்டாவாடிச் செடி படர்ந்து, நடுவில் காட்டுச்சேம்பு இலை விரித்து நின்றது. அக்கா போட்ட செம்மண்ணில் அத்தனையும் செழித்து வளர்ந்திருந்தது. வழி என்று ஒன்று அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று பெரியப்பா மகன் சொல்வதை அந்த இடமே ஆமோதித்துக்கொண்டிருந்தது.

வீட்டுப் பக்கத்திலிருந்து உள்ளே நாலு அடி நடந்திருந்தாலும் ஒரு தடம் கிடந்திருக்கும். அக்கா கால் வைக்கவில்லை. தொடக் கூடாது என்றால் மிதிக்கவும் கூடாது என்று இருந்திருக்கிறார். கோழியைக்கூட அந்தப் பக்கம் விடாமல் அடைத்துப் போட்டிருந்தாராம். "ஒரு புல்லு தொடல்ல மக்கா, சாருகிட்ட சொல்லு" என்று ரப்பர் சரிவைச் சுற்றி ரோட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னபோது, நான் வேறு பக்கம் பார்த்தேன். பேசியிருந்தால் கத்தியிருப்பேன். முதல் தடவை ஒன்றும் சொல்லாமல் கெட்டது, இரண்டாம் தடவை சொல்லிக் கெட்டது. இந்தத் தொழிலே வேண்டாம், ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன்.

அன்றைக்கு அடுப்பில் ஒன்றும் ஏறியிருக்கவில்லை. வீட்டுக்காரருக்குக் காலையிலிருந்தே நடுக்கும் காய்ச்சல். மூத்திரத்தில் கிருமி, இப்படிக் கிடக்கிறவர்களுக்கு அடிக்கடி வருவது, வந்தால் உடனே கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஞ்சாயத்து ரோட்டில் ஆட்டோ வந்து காத்து நின்றது. சரிவு வழியாக இறக்கலாம் என்றால் மழையில் அது சேற்றுக் குழம்பு. வழக்கமாகத் தூக்குகிற ஆட்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். கமிஷனர் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வக்கீல்களும் குடைக்குக் கீழே நின்றார்கள். வீட்டுக்குள்ளேயிருந்து அந்த மனிதர் நடுங்கி முனகுகிற சத்தம் ரோடு வரை கேட்டது. படித்தவர்கள் இத்தனை பேர் நிற்கிறோம், ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெரியப்பா மகன் தன் வீட்டு முற்றத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து முள்கட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். புல்லுக்குள் நடந்து அக்காவின் வீட்டுக்குள் போனார், குமாஸ்தாவும் பின்னாலேயே ஓடினார். வெளியே வரும்போது வீல்சேரின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். பின்பக்கம் எங்கள் குமாஸ்தா.

முன்பக்கம் பிடித்தவர் நோயாளியைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்கவேண்டும். முழங்கால் புல்லுக்குள், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், அவர் பின்னோக்கி நடந்தார். கால் ஓரிடத்திலும் தவறவில்லை. முன்னால் பார்த்து நடந்த குமாஸ்தாதான் தடுமாறிக்கொண்டே வந்தார். "அங்க கல்லு உண்டு, காலத் தூக்கி வையும்" என்று பெரியப்பா மகன் சொன்னார். புல்லுக்குள் கல் யாருக்கும் தெரியவில்லை. குமாஸ்தா காலைத் தூக்கி வைத்தார், அங்கே கல் இருந்தது. இன்னும் கொஞ்சம் தூரம் வந்து, "இனி ஒரு படி எறக்கம்" என்றார். அங்கே படியும் இருந்தது.

அந்த வழியே இல்லை என்று கோர்ட்டில் சத்தியம் செய்த மனிதர், கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற மாதிரி அதே வழியில் பின்னோக்கி நடந்து, கல்லையும் படியையும் அடையாளம் சொல்கிறார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கமிஷனரிடம் ஓடி, எழுதுங்கள் சார், இப்போது பார்த்ததை அப்படியே எழுதுங்கள் என்றேன். நான் யார் அவரிடம் அப்படிச் சொல்ல? ஆனால் சாரும் குடையை மடக்கிவிட்டு வந்து, எழுதத்தான் வேண்டும் என்றார். கமிஷனர் பேனாவைத் திறந்தார்.

வீட்டுக்காரரை ஆட்டோவில் ஏற்றியாயிற்று. அக்கா ஒரு காலை ஆட்டோவில் வைத்தபடி இதைக் கேட்டார். காலை எடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

"எழுதாண்டாம் சாரே," என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். இது உங்களுக்கு நல்லது, இது இருந்தால் வழி கிடைக்கும், ஜெயித்துவிடலாம் என்று படபடவென்று விளக்கினேன். எனக்குப் பிடித்த மாதிரி, ஒன்றையும் மறைக்காமல் எல்லாம் சொன்னேன். அக்கா முழுக்கக் கேட்டார். எல்லாம் புரிந்ததென்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஒதவிக்கு வந்த கையாக்கும் மக்கா அது. அத எழுதி அவருக்கெதிரா வைக்காண்டாம்."

வழக்கு தோற்றுப்போகும் என்று சார் மலையாளத்தில் சொன்னார். அக்கா தமிழிலேயே பதில் சொன்னார்.

"கேசு எனக்கதாக்கும் சாரே. தோத்தா நான் தோத்துக்கிடுதேன்."

ஆட்டோ போய்விட்டது. நான் கமிஷனரை விடவில்லை. கட்சிக்காரர் வேண்டாமென்றாலும் கண்ணால் கண்டதை எழுதுவதுதானே உங்கள் வேலை என்று கேட்டேன். அவர் எதிர்ப்பக்கத்து வக்கீலைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், சார் ஒன்றும் சொல்லாததைப் பார்த்துவிட்டு, நிலத்தைப் பார்த்து எழுதத்தான் தனக்கு உத்தரவு, ஆட்கள் நடப்பதை எழுத அல்ல என்று பேனாவை மூடினார். எனக்கு அழுகை வந்தது. எல்லோர் மேலும் கோபம், ஆனால் அக்கா மேல் வந்த கோபம்தான் அதிகம். நாளைக்கு அந்த மனிதரை எந்த வழியாக வீட்டுக்குள் கொண்டுவருவீர்கள் என்று அவரிடம் கேட்க நினைத்து, கேட்க ஆளில்லாமல் ரோட்டில் நின்றேன்.

பெரியப்பா மகன் ஆட்டோவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அக்கா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அவர் காதில் விழுந்திருக்கும். ஆட்டோ வளைவில் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் திரும்பி நடந்தார். அவர் இன்று வழியைத் திறந்தே விட்டுவிடுவார் என்று அந்த நிமிஷத்தில் நான் நிச்சயமாக நம்பினேன்.

உள்ளே போனவர், ஓரமாக வைத்திருந்த முள்கட்டை இழுத்து இருந்த இடத்திலேயே சாத்தினார். சரியாக நிற்கிறதா என்று ஒருமுறை அசைத்தும் பார்த்துக்கொண்டார்.